இன்ஜின் நின்ற நொடியில் அது உன் விமானம் இல்லை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் லாக்புக் படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்று 1975-ஆம் வருட செஸ்னா 172. இன்ஜின் ஓவர்ஹால் ஆகி 2,100 மணி நேரம் ஓடியிருக்கிறது. வாரம் தவறாமல் பறந்த விமானம். மற்றது அதே காலத்து பைப்பர் செரோக்கி. 1998-இல் ஓவர்ஹால் ஆனது, அதன்பின் 450 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. "செரோக்கியே போதும் மாமா, இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு" என்கிறாய். நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். அவளுக்குச் செஸ்னாவும் தெரியாது, செரோக்கியும் தெரியாது. "ஒத்தை இன்ஜின்தானேடா, அது மேலே நின்னுபோனா பிள்ளை கதி என்ன?" என்றாள். விலை பேசும் அவசரத்தில் நீ கேட்காமல் விட்ட கேள்வி அது. முதலில் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உன் கணக்குக்கு வருகிறேன்.

இன்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடாது; சறுக்கி இறங்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு 172 ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்குக் குறையாமல் சறுக்கும். மூவாயிரம் அடியில் இருந்தால் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். நீ பறக்கும் வடக்கு டெக்சாஸில் அந்த வட்டத்துக்குள் ஒரு மேய்ச்சல் நிலமாவது அகப்படும். நிபந்தனை ஒன்றுதான்: சறுக்கு வேகத்தை உடனே பிடிக்க வேண்டும். 172-க்கு அது தயாரான வருடத்தைப் பொறுத்து 65 முதல் 70 நாட் வரை. வாங்கும் விமானத்தின் கையேட்டில் இருக்கும் எண்ணை மனப்பாடம் செய்துகொள். இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று மூக்கைத் தூக்கினால் தூரம் குறையுமே தவிரக் கூடாது.

வேகம் பிடித்து, இறங்கும் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்த பிறகுதான் இன்ஜினை எழுப்பும் வேலை. இதில் கார்புரெட்டர் சூட்டுக் குமிழைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் இதை ஓட்டமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரெட்டரின் தொண்டை குளிர்ந்துபோகும். வெளியே இருபது டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டும். குமிழை இழுத்தால் சூடான காற்று வந்து அதை உருக்கும். உருகிய தண்ணீர் இன்ஜினுக்குள் போகும் அந்தச் சில நொடிகளில் இன்ஜின் முன்பைவிட மோசமாகக் குலுங்கும். 'நிலைமையைக் கெடுத்துவிட்டோம்' என்று பயந்து பலர் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதே. முழுக்க இழுத்தபடி விட்டு வை. அந்தச் சூடு புகைபோக்கிக் குழாயிலிருந்து வருவது. இன்ஜின் நின்றுபோனால் குழாயும் ஆறிப்போகும். அதனால் சந்தேகம் வந்த முதல் கணத்திலேயே இழுக்க வேண்டும். பிறகு பெட்ரோல் வால்வு. செரோக்கியில் இடது டேங்க், வலது டேங்க் என்று நீதான் மாற்ற வேண்டும். ஒரு டேங்க் வற்றி இன்ஜின் நின்று, மறு டேங்கில் பெட்ரோல் இருக்கும்போதே வயலில் இறங்கியவர்கள் உண்டு. புறப்படும் முன் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்து பார்ப்பதை என்றைக்கும் விடாதே.

இதெல்லாம் கைப்பழக்கம், பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பார். எனக்குக் கவலை வேறு இடத்தில். அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிடும் பறப்புக் கையேட்டில், அவசரமாகத் தரையிறங்கும்போது பைலட்டின் மனத்துக்குள்ளிருந்தே வரும் ஆபத்துகளைப் பட்டியலிட்டிருப்பார்கள். அதில் ஒன்று, விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை. வாடகை விமானத்தில் பறந்தவரை உனக்கு அந்த ஆசை பெரிதாக இருந்திருக்காது. சொந்தமாக வாங்கியதும் அது கூடவே வந்து பக்கத்து இருக்கையில் உட்காரும். சேமிப்பைப் போட்டு, கடன் வாங்கி, பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து வைத்த பொருளை மேடுபள்ளமான சோளக்கொல்லையில் இறக்க மனம் வராது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஓடுபாதை தெரிகிறதே என்று தோன்றும். அந்த ஓடுபாதைக்கு நூறு அடி முன்னால் வேகம் இழந்து குத்திக்கொண்டு விழுவதில்தான் சாவு இருக்கிறது.

அதே கையேட்டில் ஒரு கணக்கும் உண்டு. மணிக்கு 50 மைல் வேகத்தில் தரையைத் தொட்டு, 9 ஜி விசையில் சீராக நிற்பதற்குத் தேவையான தூரம் வெறும் 9.4 அடி. 100 மைல் வேகமென்றால் 37.6 அடி. ஒன்பது ஜி என்பது வாரைச் சரியாகக் கட்டிக்கொண்ட உடம்பு தாங்கக்கூடியது. எதிர்காற்றில், ஃபிளாப்பை முழுக்க இறக்கி, கட்டுப்பாட்டை விடாமல், குறைந்த வேகத்தில் இறங்கினால் இறக்கையும் சக்கரமும் நொறுங்கி நீ நடந்து வெளியே வருவாய் என்பதுதான் இதற்கு அர்த்தம். வேலிக் கம்பமும் புதரும் இறக்கையைப் பிய்த்துக்கொண்டு போனால் போகட்டும். அவை உன் வேகத்தைத்தான் குறைக்கின்றன.

இங்கே பழைய பைலட்டுகள் சொல்வார்கள்: இன்ஜின் நின்ற நொடியிலிருந்து விமானம் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது என்று. நல்ல பேச்சுதான். ஆனால் அதை மேலே போய்ச் சொல்லிக்கொண்டால் பலிக்காது. தரையில் இருக்கும்போதே, வாங்கும்போதே, காசோலை எழுதும்போதே அதை உண்மையாக்கி வைக்க வேண்டும். இழந்தால் உன் வாழ்க்கை கவிழாது என்ற அளவுக்கு மட்டும் பணம் போட்டு வாங்கிய விமானத்தைத்தான் அந்த நேரத்தில் உன்னால் மனப்பூர்வமாகக் கைவிட முடியும். நான் உனக்குச் சொல்லப்போகும் பணக் கணக்கு முழுவதும் இதற்காகத்தான்.

அதற்கு முன், முழுதாக நின்ற இன்ஜினைவிட அரைகுறையாக ஓடும் இன்ஜின் ஏன் கொடியது என்று தெரிந்துகொள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்கள் மேலே எழும்பியதும் சக்தி இழந்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. இன்ஜின் முழுதாக நின்றவை 75. பாதிச் சக்தியோடு இருமிக்கொண்டு ஓடியவை 242. முழுதாக நின்றவற்றில் ஒன்றுகூட உயிரிழப்பில் முடியவில்லை. பாதி ஓடியவற்றில் ஒன்பது முடிந்தன. நின்றுபோன இன்ஜின் உனக்காக முடிவெடுத்துவிடுகிறது. பாதி ஓடும் இன்ஜின் ஆசை காட்டுகிறது. 'திரும்பிப் போய்விடலாம், விமானத்துக்கு ஒரு கீறல் விழாமல் கொண்டு வைத்துவிடலாம்' என்று நினைத்து, தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், சரித்துத் திருப்பும்போது இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகிறது.

திரும்பும் விஷயத்தை நீ வானத்தில் அளந்து பார்த்துவிட வேண்டும். பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொண்டு மூவாயிரம் அடிக்கு மேலே போய், ஏறும் நிலையில் வைத்து, திராட்டிலை மூடு. உண்மையில் நடக்கும்போது அதிர்ச்சியிலேயே மூன்று நான்கு நொடி போய்விடும். அதனால் அத்தனை நொடி கைகட்டிக் காத்திரு. பிறகு மூக்கை இறக்கித் திரும்பு. ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு மறுபடி வரவேண்டுமானால் அரைவட்டம் போதாது, அதற்கும் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கும். எத்தனை அடி இழந்தாய் என்று பார். அதோடு பாதியளவு கூட்டிக்கொள். அந்த உயரத்தை எட்டும்வரை எது நடந்தாலும் நேரே முன்னால்தான் என்று ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் வாய்விட்டுச் சொல். பக்கத்தில் ஆள் இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்.

இனி உன் விளம்பரங்களுக்கு வருகிறேன். நான் செஸ்னாவைத்தான் வாங்கச் சொல்வேன்.

இரண்டிலும் இருப்பது லைகமிங் ஓ-320, 150 குதிரைத்திறன். இந்த இன்ஜினுக்குக் கம்பெனி பரிந்துரைக்கும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவருக்கு இது சட்டக் கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டுமே. செஸ்னா மணிக் கெடுவை நூறு மணி நேரம் தாண்டியிருக்கிறது. செரோக்கியோ வருடக் கெடுவை இரண்டு தடவை தாண்டிவிட்டது. விளம்பரத்தில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். லைகமிங் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேலே, கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல்புறம் இருக்கிறது. விமானம் ஹேங்கரில் மாதக்கணக்கில் நின்றால் அதன்மேல் இருந்த ஆயில் வடிந்துவிடும். ஈரம் ஏறும், துரு பிடிக்கும், துருப்பிடித்த இடம் குழியாகும். திரும்ப ஓட்டும்போது குழியின் ஓரத்திலிருந்து உலோகம் செதில் செதிலாக உரியும். இதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சிலிண்டரையாவது கழற்ற வேண்டும். சரிசெய்ய வேண்டுமானால் இன்ஜினையே பிளக்க வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் 450 மணி நேரம் என்றால் வருடத்துக்கு இருபது மணி நேரம்கூடத் தேறாது. அந்த இன்ஜின் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.

வாராவாரம் பறந்த இன்ஜினின் உடல்நிலையை நம்மால் அறிய முடியும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரைக் கழற்றித் தூக்கிப் போடாதே. அதற்கென்று ஒரு கட்டர் இருக்கிறது. அதை வைத்துத் தகர உறையைச் சுற்றி வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கத்தியால் அறுத்தெடு. அதை வைஸில் வைத்து நெருக்கி ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் கொண்டுபோய் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார். கறுப்பாக நொறுங்குவது கரி, பயமில்லை. ஊசி முனையளவில் மினுக்குகிறதா என்று பார். மினுக்கினால் காந்தத்தை வை. ஒட்டினால் இரும்பு, கேமோ டேப்பெட்டோ தேய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். ஆயிலில் ஒரு சின்னப் புட்டி பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு. ஒரு தடவை வரும் அறிக்கையை வைத்து முடிவு கட்டாதே. நாலைந்து அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும். அந்தச் செஸ்னாக்காரரிடம் இப்படிப்பட்ட அறிக்கைகள் கட்டாக இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

ஆனால் இன்ஜினுக்கென்று ஒரு டாலர்கூட விலை கொடுக்காதே. கெடு முடிந்த இன்ஜின் என்றே மதிப்பிட்டு விலை பேசு. நல்ல பட்டறையில் இன்று ஓவர்ஹாலுக்கு 30,000 டாலருக்கு மேல் ஆகும். அந்தப் பணத்தை வாங்கும் அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இருபது டாலர் அதில் சேர். அப்படி ஒதுக்க முடியாதென்றால் இந்த வருடம் வாங்காதே, வாடகைக்கே பற. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்கக் கூடாது.

இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேய்மானத்தால் இன்ஜின் போனால் பாலிசி இன்ஜினுக்குப் பணம் தராது. வயலில் இறங்கி இறக்கை வளைந்தால் இறக்கைக்குத் தரும். இன்ஜின் செலவு உன்னுடையதுதான். விமானத்தின் மதிப்பை இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசி எடுப்பார்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அந்த மதிப்பைக் குறைத்துப் போடாதே. குறைத்துப் போட்டால், கொஞ்சம் பெரிய சேதமானாலும் அந்தக் குறைந்த தொகையைக் கையில் கொடுத்துவிட்டு விமானத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதெல்லாம் தெரிந்த மனம், கடைசி ஐந்நூறு அடியில் கணக்குப் போட ஆரம்பிக்கும். அதற்கு இடமே வைக்காதே.

ஆபீஸில் உன்னோடு வேலை செய்யும் பெண் பாதிப் பங்கு கேட்கிறாள் என்றாயே, சேர்த்துக்கொள். செலவு பாதியாகும், விமானமும் சும்மா நிற்காமல் ஓடும். ஒப்பந்தத்தை மட்டும் வாய்ப்பேச்சாக விடாதே, எழுதிக்கொள். யார் எவ்வளவு, விலகினால் எப்படி என்பதெல்லாம் எல்லாரும் எழுதுவார்கள். நீ இன்னொரு வரியையும் சேர்: இன்ஜின் கோளாறில் விமானத்தை எங்கே எப்படி இறக்கினாலும், இறக்கியவரிடம் மற்றவர் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. 'அவளுக்கு என்ன பதில் சொல்வேன்' என்ற எண்ணமும் அந்த நேரத்தில் உன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வாங்கியதும் கையில் காசு மிஞ்சினால் திரை வைத்த கருவிகளுக்கு ஓடாதே. முதலில் தோள்வார். அமெரிக்காவில் 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறிய விமானங்களுக்குத்தான் முன் இருக்கையில் தோள்வார் கட்டாயம். நீ பார்ப்பது அதற்கு முந்தியது. நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் விபத்து உனக்குத் தெரிந்திருக்கும். 2015 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், 1942-இல் கட்டப்பட்ட தன் ரயன் பி.டி-22 விமானத்தில் புறப்பட்டார். சற்று நேரத்தில் இன்ஜின் சக்தி போனது. திரும்பிப் போக முயன்றார், ஓடுபாதை எட்டாது என்று ஆனதும் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம், ஆனால் பிழைத்தார். கார்புரெட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துண்டு ஒன்று மறை கழன்று தன் இடத்தை விட்டு வந்திருந்ததை விசாரணையில் கண்டார்கள். அந்தக் கார்புரெட்டரைப் புதுப்பித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தோள்வாரைப் பொருத்திய விதம் சரியில்லாததால் காயம் அதிகமானது என்றும் எழுதினார்கள். இன்ஜின் எங்கே கோளாறாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாரைச் சரியாக மாட்டுவது நம் கையில் இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடற்கரைப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் லிபரேட்டர் விமானங்களின் பராமரிப்புக் கணக்கை ஆராய்ந்தார். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை செய்த பராமரிப்பு முடிந்த உடனேதான் எதிர்பாராத பழுதுகள் மிகுந்திருந்தன, போகப்போகக் குறைந்தன. நன்றாக இருந்ததைத் தொட்டதே கோளாறுக்கு வழியாக இருந்தது. உன் மெக்கானிக் ஒரு சிலிண்டரின் அழுத்தம் குறைவு என்று சொன்னதும் கழற்றச் சம்மதிக்காதே. போர்ஸ்கோப் விட்டு வால்வைப் படமெடுக்கச் சொல், கொஞ்ச நேரம் பறந்துவிட்டு மறுபடி அளக்கச் சொல். விமானம் பறக்கத் தகுதியாக இருப்பதற்கு முதல் பொறுப்பு சட்டப்படி உரிமையாளருக்கு, அதாவது உனக்கு. அதனால் கேட்க உனக்கு உரிமை உண்டு. பராமரிப்பு முடிந்து வந்த முதல் தடவை தனியாகப் போ, ஓடுபாதைக்கு மேலேயே சுற்று, அரை மணி நேரம் கழித்து இறக்கி, கவுலிங்கைத் திறந்து ஆயில் கசிவு இருக்கிறதா பார்.

ஒருநாள் இன்ஜின் உண்மையாகவே போய், நீ எங்கேயோ இறங்கி நலமாக வெளியே வந்தால், அந்த வாரம் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடாதே. இன்ஷூரன்ஸுக்குச் சொல், படம் எடு, இன்ஜினை யாரும் மறுபடி ஓட்டிப் பார்க்க விடாதே. பழைய இன்ஜினையே ஓவர்ஹால் செய்வதா, மாற்று இன்ஜின் வாங்குவதா, அப்படியே விற்றுவிடுவதா என்பதெல்லாம் தூக்கம் சரியாக வந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. அந்தச் செஸ்னாவை இதுவரை தொட்டிராத ஒரு மெக்கானிக்கைப் பிடி. விற்பவர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம். ஃபில்டரை வெட்டுவதும் நாலு சிலிண்டரிலும் போர்ஸ்கோப் விடுவதும் அவர் பட்டியலில் இருக்கட்டும். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்ததா, அடித்திருந்தால் கிராங்க்ஷாஃப்ட் கியரைத் திறந்து பார்த்த பதிவு லாக்புக்கில் உண்டா என்று கேட்கச் சொல். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பதிவகத்தில் விமானத்தின் மேல் கடன் ஏதும் இல்லையென்று பார்த்துவிடு. முன்பணம் கொடுக்கும் முன் ஆயில் அறிக்கைகளை எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன். அக்காவிடம் விலையைச் சொல்லாதே. திரும்பும் பயிற்சி எடுத்த நாளன்று எத்தனை அடி இழந்தாய், அதற்குக் கீழே என்ன செய்வாய் என்று அவளுக்குப் புரியும்படி நீயே சொல். அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா